லொத்தர் இயந்திரத்தின் முன் நிற்பவர் அறிந்திருக்க வேண்டிய சட்டம்

சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து ஏழரை மணி வரை, தெற்கு இலண்டனில் உள்ள எங்கள் சிறிய கடையில் பாலும் பாணும் வாங்க வருபவர்களைவிட லொத்தர் சீட்டுக்காக நிற்பவர்களே அதிகம். ஏழரைக்கு அன்றைய குலுக்கலுக்கான விற்பனை மூடப்பட்டுவிடும் என்பதால், கடைசி அரை மணி நேரத்தில் கவுண்டரில் நிற்பவருக்கு மூச்சுவிட நேரம் இருக்காது. போன ஆண்டு அப்படியொரு மாலையில், வேலைக்குச் சேர்ந்து மூன்று வாரம்கூட ஆகாத ஒரு மாணவத் தம்பியைக் கவுண்டரில் நிறுத்திவிட்டு நான் பின்னறையில் சரக்கு அடுக்கிக்கொண்டிருந்தேன். வெளியே வந்தபோது, உறைபெட்டியின் கண்ணாடி மூடியின் மேல் ஒரு ஸ்க்ராட்ச் கார்டை வைத்து 10 பென்ஸ் நாணயத்தால் சுரண்டத் தொடங்கியிருந்த ஒரு பையனைக் கண்டேன். அவன் அணிந்திருந்த உதைபந்தாட்டச் சட்டையில் அருகிலிருக்கும் பாடசாலையின் சின்னம் இருந்தது. அவனுடைய தாயை எனக்குத் தெரியும். அவனுக்கு வயது பதினாறரை.

கார்டை வாங்கி வைத்துக்கொண்டு, பணத்தைத் திருப்பிக் கொடுத்து, அவனை அனுப்பிவிட்டேன். பிறகு அந்தத் தம்பியிடம் ஏன் வயதைக் கேட்கவில்லை என்று விசாரித்தேன். அவர் உண்மையாகவே குழம்பிப்போய், "அண்ணை, லொத்தருக்குப் பதினாறு முடிஞ்சாக் காணும்தானே?" என்று கேட்டார். அவரைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கு அந்த விதியைச் சொல்லிக் கொடுத்தவர் பல ஆண்டுகளுக்கு முன் வேறொரு கடையில் நின்ற அவருடைய மாமா. மாமா சொன்னது அந்தக் காலத்துக்குச் சரியானதுதான். பிரித்தானியாவில் தமிழர் நடத்தும் கடைகள் பலவற்றில் சட்டம் இப்படித்தான் வாய்வழியாக ஒருவரிடமிருந்து ஒருவருக்குப் போகிறது. அதனால்தான் இதை எழுத வேண்டும் என்று அன்றே நினைத்தேன்.

பிரித்தானியாவின் தேசிய லொத்தர், 1993ஆம் ஆண்டின் தேசிய லொத்தர் சட்டத்தின் கீழ் உருவாகி, 1994 நவம்பர் 19ஆம் திகதி முதல் குலுக்கலை நடத்தியது. அன்று முதல் 16 வயது நிரம்பியவர் எவரும் சீட்டு வாங்கலாம் என்றே இருந்தது. பந்தயக் கடைக்குள் நுழைய 18 வயது வேண்டும் என்று சொன்ன அதே நாட்டில், பாடசாலைச் சீருடையோடு வந்து லொத்தர் வாங்கிச் செல்ல ஏறத்தாழ 27 ஆண்டுகள் இடம் இருந்தது. 2003இல் வட இங்கிலாந்தின் கம்பிரியாப் பகுதியைச் சேர்ந்த 16 வயதுச் சிறுமி ஒருவருக்குச் சுமார் 19 இலட்சம் பவுண் விழுந்தது. அந்தப் பணம் அவருடைய வாழ்க்கையை எப்படியெல்லாம் அலைக்கழித்தது என்பதை இந்நாட்டுப் பத்திரிகைகள் பல ஆண்டுகள் எழுதின. வயது வரம்பு 18 ஆக உயர்ந்தது 2021இல்தான்: அந்த ஆண்டு ஏப்ரல் மாதத்தில் இணையவழி விற்பனைக்கும், ஒக்டோபர் 1ஆம் திகதி முதல் கடைகளுக்கும். குலுக்கல் சீட்டு, ஸ்க்ராட்ச் கார்ட் இரண்டுக்கும் இந்த ஒரே விதிதான்.

தண்டனை என்ன என்று கேட்டால், கடைக்காரர்கள் பெரும்பாலும் "ஒரு அபராதம் கட்ட வேண்டி வரும்" என்றுதான் சொல்வார்கள். சட்டம் அதோடு நின்றுவிடவில்லை. தேசிய லொத்தர் ஒழுங்குவிதிகளை மீறுவது குற்றவியல் குற்றம். மஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் அபராதத்தோடு முடியலாம். வழக்கு கிரவுண் நீதிமன்றத்துக்குப் போனால் இரண்டு ஆண்டுகள் வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும் விதிக்கப்படலாம். ஒரு லோட்டோச் சீட்டின் விலை 2 பவுண். அதில் கடைக்குக் கிடைக்கும் கழிவு நூற்றுக்கு 5, அதாவது 10 பென்ஸ். அந்தப் பத்துப் பென்ஸுக்காக, வயது கேட்க வெட்கப்பட்டோ வரிசை நீண்டுவிட்டது என்ற அவசரத்திலோ, இரண்டு ஆண்டுச் சிறை என்று எழுதப்பட்ட ஒரு சட்டத்தை மீறுகிறோம் என்பது கவுண்டரில் நிற்பவரின் மனதில் பதிய வேண்டும். கையில் சம்பளம் வாங்கிக்கொண்டு நிற்கும் மாணவர்தான் விற்றார், உரிமையாளர் உள்ளே இருந்தார் என்பதால் அந்த மாணவர் தப்பிவிட மாட்டார். மாணவ விசாவில் இருக்கும் ஒரு பிள்ளைக்குக் குற்றப்பதிவு என்பது அபராதத் தொகையைவிடப் பல மடங்கு பெரிய இழப்பு. முதலாளிகள் இதை எண்ணிப் பார்க்க வேண்டும். பயிற்சி கொடுக்காமல் ஒருவரைக் கவுண்டரில் நிறுத்துவது அவருடைய எதிர்காலத்தை வைத்து நாம் விளையாடுவதற்குச் சமம். அந்தச் சனிக்கிழமை நான் செய்ததும் அதுதான்.

நடைமுறையில் சிறைக்குப் போகுமுன் நடப்பது வேறு. லொத்தரை நடத்தும் நிறுவனம் கடைகளுக்கு ஆளனுப்பிச் சோதிக்கிறது. முன்பு அது கேமலொட். 2024 பெப்ரவரி முதல் ஒல்வின். சோதனைக்கு வருபவர் உண்மையில் வயது வந்தவர்தான், ஆனால் முகத்தைப் பார்த்தால் சிறியவர் என்றே தோன்றும். அவருக்கு விற்றால் சட்டம் மீறப்படவில்லை. நீங்கள் கேட்டீர்களா என்பதுதான் அங்கே பரீட்சிக்கப்படுகிறது. கேட்காமல் விற்றால் எச்சரிக்கை வரும், மறுபடியும் வருவார்கள். கேமலொட் காலத்தில் மூன்று முறை தவறிய கடையிலிருந்து இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள் என்பது எங்கள் தொழிலில் உள்ள எல்லோருக்கும் தெரியும். கழிவுத் தொகை சிறியதுதான். ஆனால் லொத்தர் வாங்க வருபவர் கூடவே பத்திரிகையும் சிகரெட்டும் பாலும் வாங்கிப் போகிறவர். இயந்திரம் போன கடைக்கு அந்தக் கால்களும் போய்விடும். அதனால்தான் 25 வயதுக்குக் குறைந்தவராகத் தோன்றும் எவரிடமும் அடையாள அட்டை கேட்கச் சொல்கிறார்கள். பதினெட்டா பத்தொன்பதா என்று முகத்தைப் பார்த்து ஊகிக்க எவராலும் முடியாது. ஏழு ஆண்டு இடைவெளி வைத்தால் தவறு நடக்க இடம் குறையும். கடவுச்சீட்டு, சாரதி அனுமதிப் பத்திரம், ஹோலோகிராம் முத்திரை பதித்த வயது அட்டை ஆகியவற்றுள் ஒன்று வேண்டும். கைத்தொலைபேசியில் எடுத்து வைத்திருக்கும் கடவுச்சீட்டின் படத்தை நான் ஏற்பதில்லை.

நம்மவர் கடைகளுக்கே உரிய ஒரு சிக்கலையும் இங்கே சொல்ல வேண்டும். பாடசாலை விட்டு வரும் பிள்ளைகள் கவுண்டருக்குப் பின்னால் ஒரு கதிரையில் இருந்து வீட்டுப்பாடம் செய்வதும், அப்பா தேத்தண்ணீர் குடிக்கப் போகும் ஐந்து நிமிடம் கடையைப் பார்த்துக்கொள்வதும் நம்மிடையே சாதாரணம். நானும் என் மகளை அப்படித்தான் வளர்த்தேன். லொத்தர் விதி வாங்குபவரின் வயதோடு விற்பவரின் வயதையும் சேர்த்தே பேசுகிறது. பதினான்கு வயதுப் பிள்ளை இயந்திரத்தில் கை வைத்து ஒரு சீட்டை அடித்துக் கொடுத்தால், வாங்கியவர் எழுபது வயதுத் தாத்தாவாக இருந்தாலும் அது மீறல்தான். எங்கள் கடையில் 18 வயது ஆகாத எவரும் லொத்தர் இயந்திரத்தைத் தொடக் கூடாது என்று வைத்திருக்கிறேன். அதேபோல, மகளையோ மகனையோ கூட்டிக்கொண்டு வந்து, "பிள்ளையின் கைராசி" என்று சொல்லி நாணயத்தைப் பிள்ளையிடம் கொடுத்து நீட்டச் சொல்லும் தகப்பன்மாரும் உண்டு. அவர்களை நோகடிக்காமல், பணத்தை அவர்கள் கையிலிருந்தே வாங்கி, சீட்டையும் அவர்கள் கையிலேயே கொடுக்கிறேன். எண்ணைப் பிள்ளை சொல்லட்டும். வாங்குபவர் யார் என்பதில் மட்டும் எந்தச் சந்தேகமும் இருக்கக் கூடாது.

மோசடி விடயத்தில் சட்டம் இதைவிடப் பல மடங்கு கடுமையானது. அந்தக் கடுமையின் பெரும்பகுதி நம்மைப் போலக் கவுண்டருக்குப் பின்னால் நிற்பவர்களை நோக்கியே இருக்கிறது. லொத்தர் சீட்டுக்கு மட்டுமென்று தனியான மோசடிச் சட்டத்தைத் தேட வேண்டியதில்லை. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2006ஆம் ஆண்டின் மோசடிச் சட்டத்தின் கீழ் அதிகபட்சத் தண்டனை 10 ஆண்டுகள். 1968ஆம் ஆண்டின் திருட்டுச் சட்டத்தின் கீழ் 7 ஆண்டுகள்.

2012இல் ஓல்டம் நகரில் நடந்ததைச் சற்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அது எந்தக் கடையிலும் நடக்கக்கூடியது. எழுபது வயதைத் தாண்டிய ஒரு பெண்மணி தன்னுடைய யூரோமில்லியன்ஸ் லொத்தர்ச் சீட்டைக் கடையில் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். கவுண்டரில் நின்றவர் பார்த்துவிட்டு, பரிசு எதுவும் இல்லை என்று சொல்லி, சீட்டைத் தன்னிடமே வைத்துக்கொண்டார். அந்தச் சீட்டுக்கு விழுந்திருந்தது 10 இலட்சம் பவுண். பிறகு அவரே தொலைபேசியில் அழைத்துப் பரிசைக் கோரினார். நிறுவனத்துக்குச் சந்தேகம் வந்தது, விசாரணை தொடங்கியது, கண்காணிப்புக் கமராவும் சாட்சி சொன்னது. அவருக்கு 30 மாதச் சிறை. பரிசு உரிய பெண்மணிக்கே போய்ச் சேர்ந்தது. கவனிக்க வேண்டியது என்னவென்றால், அந்த மனிதர் கையில் ஒரு பென்ஸ்கூட வந்து சேரவில்லை. மோசடிச் சட்டத்துக்குப் பணம் கைமாற வேண்டியதில்லை. ஆதாயம் அடையும் எண்ணத்தோடு, பொய் என்று தெரிந்தே ஒன்றை நேர்மையற்று மெய்யென்று சொன்ன அந்தக் கணத்திலேயே குற்றம் முழுமையாகிவிடுகிறது. "பரிசு இல்லை அம்மா" என்ற மூன்று சொற்கள் போதும்.

வாங்குபவர் பக்கத்திலும் இதே விதிதான். 2009இல் சுவிண்டன் நகரில், வேறொருவர் தவறவிட்ட சீட்டைக் கண்டெடுத்து அதற்குரிய 30,000 பவுணைப் பெற்றுக்கொண்ட ஒரு தம்பதிக்கு ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதிக்கப்பட்டது. கீழே கிடந்தது எடுத்தவருக்கே சொந்தம் என்ற பேச்சு நீதிமன்றத்தில் எடுபடாது. 2019இல் இரண்டு பேர் வேறொருவரின் வங்கி அட்டை விவரங்களைக் கொண்டு ஸ்க்ராட்ச் கார்ட் வாங்க, அதில் 40 இலட்சம் பவுண் விழுந்தது. அந்தப் பணம் அவர்களுக்குக் கொடுக்கப்படவில்லை. 2021இல் போல்டன் நீதிமன்றம் இருவருக்கும் தலா 18 மாதச் சிறை விதித்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அதிகம் யோசிக்க வைத்தது உள்ளே இருந்தவர் ஒருவரின் துணையோடு நடந்த மோசடி. 2009 மார்ச் மாதம் வூஸ்டர் நகரில் விற்கப்பட்ட ஒரு சீட்டுக்கு 25 இலட்சத்து 25 ஆயிரத்து 485 பவுண் விழுந்தது. பரிசைக் கோர எவரும் வரவில்லை. 180 நாள் கெடு முடிவதற்குச் சில நாட்களே இருந்தபோது, அடிப்பகுதி கிழிந்து பட்டைக்குறியீடு இல்லாத ஒரு சீட்டோடு ஹெர்ட்ஃபர்ட்ஷையரைச் சேர்ந்த ஒரு கட்டடத் தொழிலாளி வந்தார். அந்தச் சீட்டு போலி. கேமலொட்டில் மோசடிகளைக் கண்டுபிடிக்கும் பிரிவிலேயே வேலை பார்த்த ஒருவர், யாரும் கோராத பெரிய பரிசுகளின் விவரங்களைப் பார்க்கும் வாய்ப்பைப் பயன்படுத்தி அதை உருவாக்கிக் கொடுத்திருந்தார். சீட்டில் உள்ள குறியீட்டின் ஒரு பகுதி மட்டும் அவருக்குத் தெரியாது என்பதால், அந்தத் தொழிலாளி ஒவ்வொரு கடையாகப் போய் வெவ்வேறு போலிச் சீட்டைக் கொடுத்துப் பார்த்து, பல முயற்சிகளுக்குப் பிறகே சரியான எண் கிடைத்தது என்று வழக்கில் சொல்லப்பட்டது. பணம் கொடுக்கப்பட்டது. பங்கு பிரிப்பதில் இருவருக்கும் இடையே மனக்கசப்பு முற்றியது. ஊழியர் 2015இல் தன் உயிரை மாய்த்துக்கொண்டார். அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. கேமலொட்டின் மீது சூதாட்ட ஆணைக்குழு 2016 டிசம்பரில் 30 இலட்சம் பவுண் அபராதம் விதித்தது. பணம் பெற்றவருக்கு 2019 ஒக்டோபரில் செயின்ட் ஒல்பன்ஸ் கிரவுண் நீதிமன்றம் 9 ஆண்டுச் சிறை விதித்தது. பின்னர் 2022இல் 9 இலட்சத்து 39 ஆயிரத்துச் சொச்சம் பவுணைத் திருப்பிச் செலுத்தும்படியும் உத்தரவிடப்பட்டது. பத்து ஆண்டு கழிந்தும் சட்டம் தேடி வந்தது. இந்நாட்டில் இப்படிப்பட்ட கடுங்குற்றங்களுக்கு, இத்தனை ஆண்டுக்குள் வழக்குத் தொடுக்காவிட்டால் தப்பிவிடலாம் என்ற கணக்கு இல்லை.

இத்தனை பெரிய தொகைகளைப் பற்றிப் படிக்கும்போது, நம் கடைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். நான் நேரில் பார்த்தவை சிறிய தொகைகள்தான். எனக்குத் தெரிந்த ஒரு கடையில், இரவு வேலைக்கு நின்ற ஒருவர் கவுண்டரில் இருந்த ஸ்க்ராட்ச் கார்டுகளைப் பணம் போடாமல் சுரண்டத் தொடங்கினார். விழுந்தால் அதிலிருந்து கணக்கைச் சரிசெய்துவிடலாம் என்பது அவருடைய எண்ணம். முதல் நாள் ஒன்று, அடுத்த நாள் நான்கு, ஒரு மாதத்துக்குள் பல நூறு பவுண் குறைந்திருந்தது. கடன் என்று அவர் நினைத்தது சட்டத்தின் பார்வையில் திருட்டு. கடை உரிமையாளர் பொலிஸுக்குப் போகாமல் சம்பளத்தில் கழித்துக்கொண்டு அனுப்பிவிட்டார். அது இரக்கம்தான், ஆனால் அவர் அடுத்த கடையிலும் இதையே செய்தார் என்று பிறகு கேள்விப்பட்டேன். கார்டுக் கட்டின் தொடக்க எண்ணையும் முடிவு எண்ணையும் ஒவ்வொரு வேலை நேரம் முடியும்போதும் எழுதிக் கையெழுத்திட வைக்கும் பழக்கத்தை நான் அதன் பிறகுதான் தொடங்கினேன். சந்தேகப்படுவதாக நினைத்து வேலை செய்பவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். யாருடைய நேரத்தில் குறைந்தது என்று தெரியாமல் எல்லோர் மேலும் பழி விழுவதைவிட இது அவர்களுக்கே பாதுகாப்பு என்று விளக்கினேன்.

எங்கள் தெருவில் ஒரு மூதாட்டி இருக்கிறார். கண்பார்வை மிகவும் மங்கிவிட்டது. வாரம் தவறாமல், ஒரு பழைய மருந்தக உறையில் அந்த வாரத்துச் சீட்டுகளை மடித்துக் கொண்டுவந்து, உறையோடு என்னிடம் நீட்டுவார். "நீயே பார்த்துச் சொல், எனக்கு அந்த எழுத்துத் தெரியாது" என்பார். முன்பெல்லாம் நான் சீட்டுகளை வாங்கி, இயந்திரத்தில் காட்டி, ஒன்றுமில்லை என்று சொல்லி, குப்பைக் கூடையில் போட்டுவிடுவேன். அவரும் சிரித்துவிட்டுப் போய்விடுவார். நான் ஒருநாளும் அவரை ஏமாற்றியதில்லை. ஆனால் ஓல்டம் வழக்கைப் படித்த அன்று இரவு, நான் ஏமாற்றவில்லை என்பதை அந்த மூதாட்டி எப்படித் தெரிந்துகொள்வார் என்று யோசித்தேன். அவரிடம் அதற்கு ஒரு வழியும் இல்லை. சீட்டின் பின்புறத்தில் பெயர் எழுதாத வரையில், அது யார் கையில் இருக்கிறதோ அவருடையதாகவே தோன்றும் ஒரு துண்டுக் காகிதம். அதைச் சரிபார்க்கும் இயந்திரம் என் பக்கத்தில் இருக்கிறது, குப்பைக் கூடையும் என் பக்கத்தில் இருக்கிறது. இவ்வளவையும் ஒருவர் கையில் ஒப்படைத்துவிட்டு நிற்கும் இடத்தில், சட்டம் அந்த ஒருவர் மேல் கடுமையாக இருப்பதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். அந்தக் கடுமை போதாது என்றுகூடச் சில நேரங்களில் நினைப்பதுண்டு.

இப்போது கடையில் சில வழக்கங்களை மாற்றியிருக்கிறோம். பரிசு இருந்தாலும் இல்லாவிட்டாலும் சரிபார்த்த சீட்டை வாங்கியவர் கையிலேயே திருப்பிக் கொடுக்கிறோம். எறிவதென்றால் அவர் எறியட்டும். இயந்திரம் முடிவைத் துண்டாக அடித்துத் தரும்போது அதையும் சீட்டோடு சேர்த்துக் கொடுக்கிறோம். புதிதாக வருபவருக்கு முதல் நாளில் டில்லைத் திறக்கக் கற்றுக்கொடுக்குமுன் வயது கேட்கக் கற்றுக்கொடுக்கிறேன். கேட்கும்போது குரலில் அதட்டலும் வேண்டாம், கெஞ்சலும் வேண்டாம். அடையாள அட்டையைக் காட்ட முடியுமா என்று ஒரே ஒரு வசனம் போதும். மறுத்து அனுப்பிய ஒவ்வொரு முறையையும் திகதி, நேரத்தோடு ஒரு கொப்பியில் எழுதுகிறோம். நாளைக்கு ஏதும் விசாரணை வந்தால், இந்தக் கடையில் கேட்கும் வழக்கம் உண்டு என்று காட்ட அந்தக் கொப்பி இருக்கும். அந்த மாணவத் தம்பிதான் இப்போது அதில் அதிகம் எழுதுகிறவர். போன மாதம் தாடி வைத்த முப்பது வயது மனிதர் ஒருவரிடமும் அட்டை கேட்டுவிட்டார். அவர் மகிழ்ச்சியோடு எடுத்துக் காட்டினார்.

மூதாட்டிக்கு நான் ஒரு தடித்த கறுப்புப் பேனை வாங்கிக் கொடுத்தேன். சீட்டு அடித்துக் கொடுத்த உடனேயே அதைத் திருப்பிப் போட்டு, கவுண்டரில் சாய்ந்து நின்று, பெரிய எழுத்தில் தன் பெயரையும் கதவு இலக்கத்தையும் எழுதுகிறார். சனிக்கிழமை மாலையில் அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேல் ஆகும். பின்னால் நிற்பவர்கள் கடிகாரத்தைப் பார்ப்பார்கள். அவர் எழுதி முடித்து, மை காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்த்து, சீட்டை அந்த மருந்தக உறைக்குள் வைக்கும் வரை அடுத்தவரை நான் அழைப்பதில்லை.